உழைப்பவனிடம் கட்டாயக் கடன்!

வரி செலுத்துவது குடிமகனின் கடமை. வரியை அறவிடுவது அரசின் உரிமை. இவ்விரண்டையும் நாம் மறுப்பவர் அல்லேம். வரியின்றி வைத்தியசாலை இல்லை, பாடசாலை இல்லை, குளக்கட்டும் இல்லை. ஆனால், வரி செலுத்த வேண்டிய கடமையே இல்லாத ஒருவனின் கூலியிலிருந்து மாதந்தோறும் ஒரு பங்கை முன்கூட்டியே வெட்டி எடுத்துக்கொண்டு, "உனக்கு வரி இல்லையாயின் பின்னர் விண்ணப்பம் எழுதித் திரும்பப் பெற்றுக்கொள்" என்று கூறுவது எந்த நாட்டு நீதி? அதற்கு வரி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதன் உண்மைப் பெயர் கட்டாயக் கடன். ஏழை கொடுக்கின்றான், அரசு வாங்குகின்றது. கடன் கொடுத்தவன் கைகட்டி நிற்கின்றான். கடன் வாங்கியவர் கட்டளையிடுகின்றார்! இந்த விந்தையைத்தான் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் சுயதொழிலாளரும் சிறு ஒப்பந்தக்காரரும் இன்று அனுபவித்துக்கொண்டிருக்கின்றனர்.

சம்பளம் போன பட்டினம்

உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகம் நம்முடையது என்று மார்தட்டாத மேடை இல்லை. அத்துறைமுகத்தை அண்டி வாழும் மனிதன் எப்படிப் பிழைக்கின்றான் என்று கேட்டவர்தாம் சிலர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தங்கள் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் சென்றனர். தளம் போயிற்று, அதனோடு பட்டறையில் மணியடித்தால் வேலை, மாதம் முடிந்தால் சம்பளம் என்றிருந்த பல குடும்பங்களின் பிழைப்பும் போயிற்று. கைத்தொழில் மட்டும் கையிலே மிஞ்சிற்று.

அன்று தொட்டு இப்பட்டினத்தில் எத்தனையோ பேர் தத்தம் கையையே முதலாகக் கொண்டவர்கள். படகு பழுதுபார்ப்போர், இயந்திரம் திருத்துவோர், மின்கம்பி இழுப்போர், மணலும் மரமும் கொண்டுவந்து கொடுப்போர், அலுவலகங்களின் சமையற்கூடங்களுக்கு மீனும் மரக்கறியும் அரிசியும் விலைமனுக் கொடுத்து வழங்குவோர், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் பயணிகளைப் படகேற்றுவோர், தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் வாடகைக்கு உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓட்டுவோர் என அப்பட்டியல் நீளும். படித்தவர்களிலும் தனித்தொழில் செய்வோர் பலர்: வரைபடம் கீறும் இளம் பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர். இவர்களுக்கு முதலாளி இல்லை. ஆகவே சேமலாப நிதிக்குப் பங்களிப்பவர் இல்லை. நோய்க்கு விடுமுறைச் சம்பளம் இல்லை. முதுமைக்கு ஓய்வூதியம் இல்லை. வாடைக்காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளித்தால் வேலையும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவை உலுக்கியபோது, மாதச் சம்பளக்காரனுக்கு நின்றது பயணம். நாட்கூலிக்காரனுக்கு நின்றது அடுப்பு.

பம்பரம் போற் சுழன்ற சட்டம்

இத்தகைய மனிதனின் தலைக்கு மேல் வரிச்சட்டம் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை முறை சுழன்றது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் எல்லாருக்கும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபா நிவாரணம் அளித்தது. சம்பளம் பெறுவோருக்கு அதன்மேல் இன்னும் 7 இலட்சம் அளித்தது. அதாவது, சம்பளக்காரனுக்கு 12 இலட்சம் வரை வரியில்லை. தன் கையை நம்பிப் பிழைப்பவனுக்கு 5 இலட்சத்தோடு எல்லை முடிந்தது! பாதுகாப்பு உள்ளவனுக்குப் பெரிய குடை. மழையில் நிற்பவனுக்குச் சிறிய குடை. அதே காலத்தில், மாதம் 50,000 ரூபாவுக்கு மேற்பட்ட சேவைக் கட்டணங்களில் நூற்றுக்கு ஐந்து வெட்டும் நிறுத்திவைத்தல் வரியும் இருந்தது.

2019 இறுதியில் ஆட்சி மாறிற்று; வரியும் மாறிற்று. 2020 ஜனவரி முதல் நிவாரணம் ஒரே பாய்ச்சலாய் 30 இலட்சத்துக்கு உயர்த்தப்பட்டது; நிறுத்திவைத்தல் வரியும் நீக்கப்பட்டது. நாட்டின் கருவூலம் காய்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு கைவிரித்தது. பின்பு 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. 2023 ஜனவரி முதல் நிவாரணம் 12 இலட்சத்துக்கு வீழ்ந்தது. உச்ச வரிவீதம் 18இலிருந்து 36ஆக இரட்டித்தது. நிறுத்திவைத்தல் வரி, மாதம் ஓர் இலட்சத்தை மிஞ்சிய கட்டணங்கள் மீது மீண்டும் தலைதூக்கிற்று. 2025 ஏப்ரல் முதல் நிவாரணம் 18 இலட்சமாயிற்று.

ஐந்து, முப்பது, பன்னிரண்டு, பதினெட்டு! இது வரிக் கொள்கையா, ஊஞ்சலாட்டமா? பயிர்செய்பவன் பருவத்தை நம்பி விதைக்கின்றான். ஒப்பந்தக்காரன் சட்டத்தை நம்பி விலை குறிக்கின்றான். பருவம் பொய்த்தால் விதி என்று ஆறுதல் கொள்ளலாம். சட்டம் பொய்த்தால் எவரை நோவது?

நூற்றுக்கு ஐந்தா? நூற்றுக்கு இருபத்தெட்டா?

"நூற்றுக்கு ஐந்து தானே, இதற்கா இத்தனை கூச்சல்?" என்று கொழும்பிலிருந்து கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுவோம்.

கேள்விப்பத்திரம் அல்லது விலைமனு மூலம் ஒரு நிறுவனத்துக்குப் பொருள் வழங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் அவர் பெறும் தொகை 4 இலட்சம். அதில் பொருள் வாங்கிய விலை, லொறிக் கூலி, ஏற்றிறக்கும் கூலி எல்லாம் 3,30,000. மிஞ்சுவது 70,000. நூற்றுக்கு ஐந்து என்பது இந்த எழுபதினாயிரத்தின் மேலா கணிக்கப்படுகின்றது? இல்லை, 4 இலட்சத்தின் மேல். ஆகவே வெட்டப்படுவது 20,000 ரூபா. அவருடைய உண்மை வருமானத்தில் அது நூற்றுக்கு இருபத்தெட்டுக்கும் அதிகம்!

அவருடைய ஆண்டு வருமானம் 8,40,000 ரூபா. சட்டம் அளிக்கும் நிவாரணம் 18 இலட்சம். அதில் அரைவாசியைக்கூட அவர் எட்டவில்லை. சட்டப்படி அவர் செலுத்த வேண்டிய வருமான வரி ஒரு சதமும் இல்லை. ஆயினும் ஆண்டு முடியும்போது அவரிடமிருந்து எடுக்கப்பட்டது 2,40,000 ரூபா. அரிசிக் கடைக்காரனுக்குக் கடன் சொல்லி, மனைவியின் காப்பை அடகு வைத்து, அடுத்த மாதச் சரக்கை வாங்கும் அம்மனிதன், அரசாங்கத்துக்கு வட்டியின்றி இரண்டேகால் இலட்சத்துக்கு மேல் கடன் கொடுத்து வைத்திருக்கின்றான்!

இனி ஒரு மாதச் சம்பளக்காரரைப் பாருங்கள். அவர் மாதம் 1,80,000 ரூபா பெறுகின்றார். 2025 ஏப்ரலுக்குப் பின் மாதம் 1,50,000 வரை அவருக்கு வரியில்லை. மிகுதி 30,000இல் நூற்றுக்கு ஆறு, அதாவது 1,800 ரூபா வெட்டப்படுகின்றது. அவர்மேல் நமக்குப் பொறாமை இல்லை. அவரும் விலைவாசியால் வாடுபவரே. ஆனால் ஓர் இலட்சத்து எண்பதினாயிரம் பெறுபவரிடம் ஆயிரத்தெண்ணூறு எடுக்கும் அரசு, எழுபதினாயிரம் பெறுபவரிடம் இருபதினாயிரம் எடுப்பது எந்தத் தராசு?

படித்தவர்களும் தப்பவில்லை. மாதம் 3 இலட்சம் கட்டணம் பெறும் இளம் பொறியியலாளர் ஒருவர், உதவியாளர் சம்பளம், வாகனம், கருவி, அலுவலக வாடகை ஆகியவற்றுக்கு 1,60,000 செலவிட்டால் எஞ்சுவது 1,40,000. ஆண்டுக்கு 16,80,000, அதற்கும் வரியில்லை. ஆனால் வெட்டப்படுவது ஆண்டுக்கு 1,80,000. ஒரு மாத முழு உழைப்புக்கும் மேல்!

உச்சியில் இருப்பவருக்கு என்ன நேர்கின்றது? மாதம் 12 இலட்சம் கட்டணம் பெற்று, செலவு போக 10 இலட்சம் வைத்துக்கொள்ளும் ஒருவர் ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய வரி ஏறக்குறைய 32 இலட்சம். அவரிடம் முன்கூட்டி வெட்டப்படுவது 7,20,000. கட்ட வேண்டியதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் எப்படியும் கட்ட வேண்டியதை முன்னரே கட்டுகின்றார், அவ்வளவுதான்.

இங்கேதான் இச்சட்டத்தின் மர்மம் இருக்கின்றது. வரி கட்ட வேண்டியவனுக்கு இந்த ஐந்து வீதம் முற்பணம். வரி கட்ட வேண்டாதவனுக்கு இது கட்டாயக் கடன். மிகுந்தவனை மெல்லத் தொடுகின்றது. குறைந்தவனை அழுத்திப் பிடிக்கின்றது.

பத்திலொன்று போய் இருபதிலொன்று

உழவர்களுக்கு இது புதிய கதை அன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்வரி என்றொரு வரி இருந்தது. விளைச்சலில் பத்திலொன்று என்பது அதன் பொதுக் கணக்கு. விதைநெல் எவ்வளவு, கூலி எவ்வளவு, எருதுக்குத் தீனி எவ்வளவு, வீட்டுக்கு மிஞ்சியது எவ்வளவு என்று அது கேட்டதில்லை. களத்தில் குவிந்ததைக் கண்டது, கை நீட்டிற்று. பின்னர் அது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணமாக மாற்றப்பட்டபோது கொடுமை இன்னும் முற்றிற்று. வலப்பனைப் பகுதியில் அற்ப நிலுவைக்காக ஏழை விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டன. லெமெசூரியர் என்னும் ஆங்கிலேய அதிகாரியே அந்த அவலத்தை வெளிக்கொணர்ந்தார். இறுதியில் 1892இல், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், நெல்வரி ஒழிக்கப்பட்டது.

1932இல் இலங்கைக்கு வருமான வரி வந்தது. அதன் அடிப்படை யாது? செலவு போக மிஞ்சிய வருமானத்தின் மேல், கொடுக்கக் கூடியவன் கொடுக்கக் கூடிய அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே. நெல்வரிக்கும் வருமான வரிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு நியாயத்திலேதான் தங்கியிருக்கின்றது. குவியலைப் பார்த்து வாங்குவது பழைய வரி. மிச்சத்தைப் பார்த்து வாங்குவது புதிய வரி.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று நம் முன்னோர் சொன்னார்கள். இன்றைய ஒப்பந்தக்காரனும் அந்த உழவனின் உடன்பிறப்பே. நிறுத்திவைத்தல் வரி அவன் உழக்கைப் பார்க்கவில்லை. மறுபடியும் குவியலைத்தான் பார்க்கின்றது. பத்திலொன்று 1892இல் போயிற்று. இருபதிலொன்று 2023இல் வந்து அமர்ந்திருக்கின்றது. பெயர் வருமான வரி, குணம் நெல்வரி!

வைப்பாளனை நம்பும் சட்டம், உழைப்பாளனை நம்பாதது ஏன்?

"ஆண்டு முடிய விபரத்திரட்டுக் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமே" என்பது அவர்களுடைய மறுமொழி. நல்லது. வரிமதிப்பாண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகின்றது. அதன்பின் நவம்பர் 30க்குள் விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மார்ச் முடிந்த மறுநாளே அவன் சமர்ப்பித்தாலும், முந்திய ஏப்ரலில் வெட்டிய பணம் ஓராண்டை நெருங்கிவிட்டது. அப்பாற் பரிசீலனை, கேள்வி, பதில், பற்றுச்சீட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதை வெட்டியவர் கொடுக்க வேண்டும். கணக்குப்பிள்ளை வைக்க வசதியற்றவன், வேலைநாளை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு அலைய வேண்டும். இறுதியில் பலர், "போனது போகட்டும்" என்று கைவிடுவர். அப்படிக் கைவிடப்பட்ட பணமும் வரி வருமானம் என்றே அரசின் கணக்கில் மிளிரும்!

வேறு வழி இல்லையா? இருக்கின்றது, அரசே அதைக் கண்டுபிடித்தும் இருக்கின்றது. 2025 ஏப்ரலில் வங்கி வைப்பு வட்டிமேல் வெட்டும் வரி ஐந்திலிருந்து பத்து வீதமாக உயர்த்தப்பட்டபோது, ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மிஞ்சாத வைப்பாளர்கள் ஒரு பிரகடனத்தை வங்கியிற் கொடுத்தால் வரி வெட்டப்படமாட்டாது என்று ஒழுங்கு செய்யப்பட்டது. நல்ல ஒழுங்கு, முதியோர் பலர் அதனால் நன்மை அடைவர். அதை நாம் வரவேற்கின்றோம்.

ஆனால் நாம் கேட்கின்றோம்: வங்கியிற் பணம் வைத்திருப்பவனின் ஒரு கையெழுத்தை நம்பும் சட்டம், பணமே இல்லாமற் பாடுபடுபவனின் கையெழுத்தை நம்ப மறுப்பது ஏன்? அதே பதினெட்டு இலட்சம், அதே பிரகடனம், அதே தண்டனை. பொய் சொன்னால் இருவரையும் பிடிக்கலாம். அந்த எளிய வழி சேவைக் கட்டணத்துக்கும் சிறு வழங்கலுக்கும் வைக்கப்படவில்லை. முதலுக்குக் கதவு திறந்திருக்கின்றது. உழைப்புக்குக் கதவு அடைத்திருக்கின்றது.

மறைந்திருந்து தாக்கும் வரி

"நான் இந்த வலையில் இல்லை, எனக்கு எவரும் ஐந்து வீதம் வெட்டுவதில்லை" என்று படகோட்டியும் அறுவடை இயந்திரக்காரரும் எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கு வேறோர் அம்பு வைத்திருக்கிறார்கள். பெறுமதி சேர் வரி 2019 டிசெம்பரில் 15இலிருந்து 8 வீதமாக இறங்கிற்று. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த டீசலும் சமையல் எரிவாயுவும் அதே ஜனவரியில் இவ்வரிக்குள் வந்தன. அதற்கு முன்னரே, 2022 ஆகஸ்டில், மீனவரின் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்ததை இக்கரையோரம் மறந்திராது.

பதிவுபெற்ற பெரிய கம்பனி சீமெந்து வாங்கும்போது கட்டிய பெறுமதி சேர் வரியைத் தான் அறவிட்ட வரியில் கழித்துக்கொள்ளும். பதிவுக்கு எட்டாத சிறு ஒப்பந்தக்காரனுக்கு அந்தக் கழிவு இல்லை. சீமெந்திலும் கம்பியிலும் உதிரிப்பாகத்திலும் அடங்கிய பதினெட்டு வீதம் அவன் தலையிலேயே தங்கிவிடுகின்றது. விலையை உயர்த்தினால் வேலை கிடையாது. உயர்த்தாவிட்டால் கூலி மிஞ்சாது.

பதிவு பெற்றாலாவது நிம்மதியா? பதிவுக்குரிய ஆண்டுப் புரள்வின் எல்லை 2020இல் ஒரு கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடிக்குத் தாவி, பின்பு 8 கோடியாகி, 2024 ஜனவரியில் 6 கோடியாயிற்று. அதை 3 கோடி 60 இலட்சமாக இறக்க, 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. மாதம் 30 இலட்சம் புரளும் நடுத்தர ஒப்பந்தக்காரன் அந்த எல்லைக்குள் வந்துவிடுவான். புரள்வது 30 இலட்சம் என்பதால் அவனைச் செல்வந்தன் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு பொருளுக்கும் கூலிக்கும் போவது. அவன் விலைப்பட்டியல் எழுதிய நாளிலேயே வரிக்கடன் பிறந்துவிடும். பணமோ பல மாதம் கழித்து வரலாம். கைக்கு வராத காசுக்கு வரி கட்டக் கந்துவட்டிக்காரனிடம் போவதா?

அறுவடை இயந்திரக்காரரின் டீசலில் ஏறிய வரி, அறுவடைக் கூலியில் ஏறும். அறுவடைக் கூலியில் ஏறியது உழவனின் தலையில் ஏறும். ஆகவே ஒப்பந்தக்காரனின் வழக்கு உழவனின் வழக்கும் ஆகும்.

கள்ளனைப் பிடிக்கும் வலையா?

"தனித்தொழில் செய்வோர் வருமானத்தை மறைக்கின்றனர், ஆகையால் முன்கூட்டி வெட்ட வேண்டியிருக்கின்றது" என்று நிதியமைச்சின் நியாயவாதிகள் கூறுவர். மறைப்பவர் இல்லை என்று நாம் சொல்லோம். பற்றுச்சீட்டு எழுதாமற் கட்டணம் வாங்கும் கனவான்கள் இருக்கின்றார்கள். மாளிகை கட்டி, வெறுங்கணக்குக் காட்டும் பெரிய ஒப்பந்தக்காரரும் இருக்கின்றார்கள். அவர்களைப் பிடியுங்கள், நாம் கைகொட்டுவோம். ஆனால் பற்றுச்சீட்டே இல்லாமற் கைக்குக் கை பணம் வாங்குபவனை இந்த வெட்டு தொடுமா? அவன் கட்டணம் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை. கேள்விப்பத்திரம் போட்டு, விலைப்பட்டியல் எழுதி, காசோலையில் பணம் வாங்குபவன்தான் அகப்படுகின்றான். கள்ளன் சந்தில் ஓட, கணக்குக் காட்டியவன் கட்டிவைக்கப்படுகின்றான்! 2024 ஜனவரி முதல் பதினெட்டு வயதை அடைந்த ஒவ்வொருவரும் வரி அடையாள இலக்கம் பெற வேண்டும் என்று விதித்தவர்கள் இவர்களே. அந்த இலக்கத்தைக் கொண்டு செல்வந்தனைத் தேடலாமே. ஏழையின் காசோலையை ஏன் கொறிக்க வேண்டும்?

"நாடு வங்குரோத்து அடைந்தது, சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டொலர் உதவிக்கு இணங்கியபோது வருமானத்தைப் பெருக்கும்படி விதித்தது, நாம் என்ன செய்வது?" என்பது அடுத்த வாதம். நாட்டை வங்குரோத்தாக்கியவர் எவர்? மூதூர் மண் ஏற்றியவனா? கிண்ணியாவிற் படகு திருத்தியவனா? 2023 நவம்பர் 14இல் உயர்நீதிமன்றம் தன் பெரும்பான்மைத் தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதியும் முன்னாள் பிரதமரும் முன்னாள் நிதியமைச்சரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்கள் தங்களிடம் ஒப்படைத்த பொறுப்பை மீறினர் என்று கூறியது. குற்றம் புரிந்தவர் ஓரிடம். தண்டம் கட்டுபவன் வேறிடம்.

நாற்பது ஆண்டும் ஒரு மாதமும்

பெரியவர்களிடம் இதே அரசு எவ்வளவு பொறுமையாய் நடந்துகொள்கின்றது என்பதையும் காணுங்கள். 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தந்திரோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 ஆண்டுகள் வரை வரிவிலக்குக்கு வழி திறந்தது. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கொழும்புத் துறைமுக நகரச் சட்டமோ 40 ஆண்டுகள் வரை விலக்களிக்க இடம் வைத்தது. நாற்பது ஆண்டு! அன்று பிறந்த பிள்ளை பேரப்பிள்ளை காணும் காலம்.

திருகோணமலைக்கும் பெருந்திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 99 எண்ணெய்த் தாங்கிகளைக் குறித்து 2022 ஜனவரியில் உடன்படிக்கை ஆயிற்று. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் இத்துறையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பமிட்டன. வரட்டும், வேலை பெருகட்டும். ஆனால் அத்திட்டங்களில் வேலி அடைப்பவன், தீந்தை பூசுபவன், மண் நிரப்புபவன், சமையலுக்கு மீன் கொடுப்பவன் நம்மூர்ச் சிறு ஒப்பந்தக்காரன். பெருங் கம்பனியின் சலுகை உடன்படிக்கையில் எழுதப்படும். அதன் வாசலில் நிற்கும் சிறியவனின் நிவாரணத்தை எழுத எவர் இருக்கின்றார்? ஒருவருக்கு நாற்பது ஆண்டு விலக்கு. மற்றவருக்கு ஒரு மாதம் பொறுக்கவும் மனமில்லை!

நாம் கேட்பவை

வரியை ஒழிக்கும்படி நாம் கேட்கவில்லை. கேட்பவை ஐந்து.

முதலாவது, வங்கி வைப்பாளருக்குப் போலவே, ஆண்டு வருமானம் நிவாரண எல்லையை மிஞ்சாத சுயதொழிலாளரும் சிறு வழங்குநரும் பிரகடனம் கொடுத்து வெட்டிலிருந்து விலக வழி செய்ய வேண்டும்.

இரண்டாவது, பொருள் வழங்கும் ஒப்பந்தங்களில் இலாபம் மெலிது என்பதை உணர்ந்து, மொத்தத் தொகைமேல் வெட்டும் வீதத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, மிகையாக வெட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சிறியவருக்குக் குறுகிய தவணை நாள் குறிக்க வேண்டும். நாம் தாமதித்தால் வட்டியும் தண்டமும் கேட்கும் அரசு, தான் தாமதித்தால் அதே வீதத்தில் வட்டி கொடுக்கட்டும்.

நான்காவது, அரச நிறுவனங்கள் பணத்தைச் செலுத்தும் வரை, அவ்வேலைக்குரிய பெறுமதி சேர் வரியைச் சிறு ஒப்பந்தக்காரனிடம் கேட்கலாகாது.

ஐந்தாவது, படிவமும் அறிவித்தலும் விளக்கமும் தமிழில், பட்டினமும் சூழலும் முதல் வெருகல் வரை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிடைக்க வேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. வரி கேட்கும் கடிதத்துக்கு மட்டும் அது பொருந்தாதா?

நம்மவர் கடமை

அரசை மட்டும் நோவது போதாது. பெரிய அரசியற் கேள்விகளில் நெருப்பாய்ப் பேசும் நம் பிரதிநிதிகள், நிதிச் சட்டமூலம் வரும் நாளில் எத்தனை திருத்தம் கொண்டுவந்தார்கள் என்று தொகுதி மக்கள் கேட்க வேண்டும். மண்ணுரிமை பேசுபவர் அம்மண்ணில் உழைப்பவனின் மடியையும் காக்க வேண்டும். மடி காலியானவன் நிலத்தை விற்பான். நிலத்தை விற்றவனுக்கு உரிமைப் பேச்சு எதற்கு?

சுயதொழிலாளரே, ஒப்பந்தக்காரரே! பற்றுச்சீட்டுகளைப் பேணுங்கள். வெட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் அத்தாட்சிப் பத்திரம் கேளுங்கள்; கொடுக்கும் வரை விடாதீர்கள். விபரத்திரட்டைக் காலத்தோடு சமர்ப்பியுங்கள். கணக்காளர்களே, சட்டத்தரணிகளே! மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இம்மக்களுக்கு ஒதுக்குங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் அமர்ந்து அவர்களுடைய விபரத்திரட்டுகளை எழுதிக்கொடுங்கள். உழவர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் ஒப்பந்தக்காரரும் ஒரே மனுவில் ஒப்பமிடட்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவரும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர்; இருபதிலொன்று வெட்டும் கத்தி இனம் பார்ப்பதில்லை; அதை எதிர்க்கும் கையும் இனம் பார்க்க வேண்டியதில்லை.

தனியொருவன் திருப்பிக் கேட்டால் அது விண்ணப்பம். ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்து கணக்கோடு கேட்டால் அது தீர்ப்பு. இந்த வழக்கில் கடன்காரன் உழைப்பாளி அல்லன், அரசாங்கமே. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவன் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை!